அப்பான்ர செத்தல் மிளகாயும் அக்கான்ர உழுந்து வடையும்

2020ல தொடங்கி ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட எங்கட அண்ணாவும் அக்காவும் நேர முகம் பாத்துக் கதைக்கேல்ல. காணிப் பிரச்சினை இல்ல, சீதனப் பிரச்சினை இல்ல, உழுந்துதான் பிரச்சினை. அண்ணா விசுவமடுவில அப்பான்ர மேட்டுக்காணியில மாரிக்கு உழுந்து போடுறவர், உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழ கொஞ்சம் வயலும் இருக்கு. அக்கா கிளிநொச்சியில ஏ9 ரோட்டோரம் சின்னச் சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறா, காலமை தோசை, பின்னேரம் உழுந்து வடை. அரசாங்கம் டொலர் வெளியில போகாமப் பாக்கிறதுக்கு மஞ்சள், உழுந்து, பயறு எண்டு ஒவ்வொண்டா வெளிநாட்டில இருந்து வாறதை மறிக்க, உழுந்து விலை ஏறி ஏறி கிலோ ஆயிரம் ரூபாவையும் தாண்டிப் போச்சு.

அண்ணாவுக்கு அதுதான் வாழ்க்கையில முதல் நல்ல விலை. அந்தக் காசிலதான் வீட்டுக்கு ஓடு போட்டவர். அக்கா முதல்ல வடையைச் சின்னனாக்கினா, பிறகு கடலைப்பருப்புக் கலந்து பாத்தா, வழமையா வாற ஆக்கள் ஒரு கடி கடிச்சிட்டு ஒண்டும் சொல்லாம எழும்பிப் போகத் தொடங்க, அண்ணாவுக்குப் போன் எடுத்து "நீ விளைவிக்கிற சாமான்தானே, எனக்குப் பழைய விலைக்குத் தா" எண்டு கேட்டா. அண்ணா சொன்னார், "யாவாரி வாசல்ல நிண்டு கேக்கிறான் பிள்ளை, எத்தினை வருஷம் நான் நட்டத்துக்கு வித்தனான், அப்ப நீ கூட்டித் தந்தனியோ?" அதோட கதை நிண்டு போச்சு.

நான் உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கிற ஆள். சர்வதேச வர்த்தகப் பாடத்தில ஒரு வரைபடம் வரும், உலக விலைக்கு ஒரு கோடு, வரி போட்டாப் பிறகு வாற விலைக்கு அதுக்கு மேல இன்னொரு கோடு, நடுவில நாலு துண்டு. ஒரு துண்டு உற்பத்தி செய்யிறவருக்குப் போகுது, ஒரு துண்டு அரசாங்கத்துக்கு வருமானமாப் போகுது, மிச்ச ரெண்டு முக்கோணமும் ஒருத்தருக்கும் போகாம வீணாப் போகுது, அந்த நாலையும் சேத்துக் குடுக்கிறது வாங்கிச் சாப்பிடுற ஆள். பத்து வருஷமா கரும்பலகையில அதைக் கீறி இருக்கிறன். அந்த வருஷம்தான் அந்தத் துண்டுகளுக்குள்ள எங்கட வீட்டு ஆக்களின்ர முகம் தெரிஞ்சது, அதில இருந்துதான் இந்தப் பதிவை எழுதவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்.

முதல்ல கனபேர் பிழையா விளங்கி வைச்சிருக்கிற ஒரு விசயம். இறக்குமதி வரி எண்டா இந்தியாக்காரனோ சீனாக்காரனோ கட்டுற காசில்ல. கொழும்புத் துறைமுகத்தில சாமானை இறக்கிற எங்கட ஆள்தான் சுங்கத்துக்குக் கட்டுறார், கட்டிப்போட்டு அதை விலையில போட்டு எங்களிட்ட எடுப்பார். சில நேரம் வெளிநாட்டு விற்பனையாளரும் சந்தையை விடக்கூடாதெண்டு கொஞ்சம் விலையைக் குறைப்பார், அது உண்மை, ஆனா எங்களை மாதிரி சின்ன நாடு வாங்கிறதைப் பாத்து உலகத்தில ஒருத்தரும் விலையை மாத்தப் போறதில்ல. அதால எங்கட நாட்டில பெரிய வெங்காயத்துக்கோ உருளைக்கிழங்குக்கோ விசேட பண்ட வரி கூட்டினா, கூடின காசு கிட்டத்தட்ட முழுக்க எங்கட சமையலறையில இருந்துதான் போகும். இந்த விசேட பண்ட வரி 2007ல வந்த ஒரு சட்டத்தில இருந்து வாறது, கன வரியை ஒண்டாச் சேத்து கிலோவுக்கு இவ்வளவு ரூபா எண்டு அறவிடுறது, ஒரு வர்த்தமானியோட, அதாவது அரசாங்க அறிவித்தலோட, இரவோட இரவா கூட்டலாம் குறைக்கலாம். அறுவடை நேரம் கூட்டுறது, அறுவடை முடியக் குறைக்கிறது எண்டதுதான் நோக்கம். வர்த்தமானி ரெண்டு கிழமை பிந்தினா தோட்டக்காரன் அறுத்ததை விலை இல்லாம வித்து முடிச்சிருப்பான், பிறகு வாற வரி களஞ்சியத்தில வாங்கி அடுக்கினவனுக்குத்தான் உதவும். அதால என்னைக் கேட்டா வரி எவ்வளவு எண்டதை விட எப்ப எண்டதுதான் எங்கட தோட்டக்காரருக்குப் பெரிய விசயம்.

வரி ஒரு வகை, இவ்வளவு அளவுதான் கொண்டுவரலாம் எண்டு மட்டுக்கட்டுற கோட்டா இன்னொரு வகை, முழுத் தடை மூண்டாவது. மூண்டும் ஒண்டுதானே, சாமான் வரவு குறையுது விலை ஏறுது எண்டு பிள்ளைகள் சொல்லுவினம். விலை ஏறுறது ஒண்டுதான், ஏறின காசு ஆரின்ர பொக்கற்றுக்குப் போகுது எண்டதில பெரிய வித்தியாசம் இருக்கு. வரியெண்டா அது திறைசேரிக்குப் போகும், அதில ஒரு ஆஸ்பத்திரிக்கு மருந்தாவது வாங்கலாம். கோட்டா, லைசன்ஸ் எண்டா அந்தக் காசு லைசன்ஸ் கிடைச்ச ஆளுக்குப் போகும், அதாலதான் லைசன்சுக்கு அவ்வளவு அடிபிடி. முழுத் தடையெண்டா ஏற்கெனவே சாமானைப் பதுக்கி வைச்சிருந்தவருக்கும் கடல்வழியாக் கடத்துறவருக்கும் போகும்.

மஞ்சளை யோசிச்சுப் பாருங்கோ. 2019 கடைசியில மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு சில நூறு ரூபாவுக்கு வாங்கின மஞ்சள் ஆயிரக்கணக்கில போச்சு, இஞ்ச மன்னார்க் கடல்ல மஞ்சள் மூட்டை பிடிபட்டதெண்டு கிழமைக்கொரு செய்தி. தமிழ்நாட்டுக் கரையில ஒரு விலை, இந்தப் பக்கம் பல மடங்கு விலை, நடுவில ஒரு சின்னக் கடல். அந்த விலை வித்தியாசம்தான் கடத்தலுக்குக் கூலி குடுக்கிறது. பொலிஸ் எவ்வளவு நிண்டாலும் வித்தியாசம் இருக்கிற மட்டும் ஆராவது வள்ளத்தை எடுப்பினம்.

இன்னொண்டு, வரியைக் குறைச்சா உடன விலை குறையும் எண்டும் நம்பக்கூடாது. 2020 ஒக்ரோபரில சீனிக்கு இருந்த விசேட பண்ட வரியை கிலோவுக்கு 50 ரூபாவில இருந்து 25 சதத்துக்கு இறக்கினவை. 50 ரூபா எங்க, 25 சதம் எங்க. கடையில சீனி அந்த அளவுக்கு இறங்கேல்ல. இறக்குமதி செய்யிற ஆக்கள் நாலைஞ்சு பேராயிருந்தா அவையள் ஏன் உடன விலையை இறக்கப் போகினம்? அரசாங்கத்துக்கு வரவேண்டிய பில்லியன் கணக்கான காசு அப்பிடியே இடையில நிண்டு போச்சு, பிறகு பாராளுமன்றத்தில எல்லாம் பெரிய சத்தம். போட்டி இல்லாத சந்தையில வரியைக் குறைக்கிறது சனத்துக்குக் குடுக்கிறதாகாது எண்டதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 கடைசியில அரிசித் தட்டுப்பாடு வரேக்க கொஞ்சக் காலம் லைசன்ஸ் இல்லாம அரிசி கொண்டுவர விட்டவை, ஆனா கிலோவுக்கு 65 ரூபா வரியோட. அது எனக்கு ஓரளவு பிடிச்சது, சாமானும் வருது, உள்ளூர் நெல்லும் அடியோட விழேல்ல, இடைவெளிக் காசும் திறைசேரிக்குப் போகுது.

உழுந்துக்கு முதல் எங்கட குடும்பத்தில இன்னொரு சாமான் இருந்தது, செத்தல் மிளகாய்.

அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து 1971ல விசுவமடுவுக்கு வந்தவர், இருபத்தொரு வயசு. அந்த நேரம் விசுவமடு, முத்தையன்கட்டு எண்டு வன்னிக்குள்ள வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் இருந்தது, படிச்சிட்டு வேலை இல்லாத பெடியளுக்குக் காட்டுக்காணி வெட்டிக் குடுத்து மிளகாய், வெங்காயம் செய்யச் சொன்னவை. 1970ல வந்த சிறிமாவோ அம்மையாரின்ர அரசாங்கம் டொலர் இல்லாத பிரச்சினையால இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சிருந்தது. இந்தியாவில இருந்து செத்தல் மிளகாய் வாறது அருகிப் போக, நாட்டுக்கே மிளகாய் குடுக்கிற பொறுப்பு யாழ்ப்பாணத்தாரிட்டயும் வன்னியாரிட்டயும் வந்திட்டுது. அப்பா சொல்லுவார், முதல் வருஷம் மலேரியாவில கிடந்தவராம், ரெண்டாம் வருஷம் வோட்டர் பம்ப் வாங்கினவராம், மூண்டாம் வருஷம் தங்கச்சிமாருக்கு நகை செய்து குடுத்தவராம். ஒரு அந்தர், அதாவது அம்பது கிலோ அளவு, செத்தல் மிளகாயைச் சாக்கில கட்டி லொறியில ஏத்திவிட்டா திரும்பி வாற காசை எண்ணிறதுக்கு ரெண்டு பேர் வேணும் எண்டுவார். அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கேக்க மட்டும்தான் அப்பான்ர குரல் அப்பிடி மாறும்.

அந்தக் கதையைக் கேட்டு வளந்ததால எனக்கும் சின்ன வயசில இறக்குமதியை மறிச்சா எல்லாரும் நல்லா இருப்பினம் எண்டுதான் நினைப்பு. அந்த நினைப்பை மாத்தினது பக்கத்துக் காணி மாமி. மாமி ஆக்கள் மலையகத்தில ஒரு தோட்டத்தில, தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில இருந்து 1974ல வந்தவை. அப்ப மாமிக்குப் பன்ரெண்டு பதிமூண்டு வயசு. ஒருநாள் அப்பா திண்ணையில இருந்து வழமை போல அந்தக் காலத்து மிளகாய் விலையைச் சொல்லிக்கொண்டிருக்க, கடகம் முடைஞ்சுகொண்டிருந்த மாமி தலை நிமிராமச் சொன்னா, "ஐயா, உங்களுக்குக் காசு கொட்டின அந்த வருஷம்தான் எங்கட தம்பி லயத்தில பசியில செத்தான்." அப்பா அதுக்குப் பிறகு மாமி இருக்கேக்க அந்தக் கதையை எடுத்ததை நான் காணேல்ல.

1973, 74 எண்டது உலகத்திலயே கஷ்டகாலம். எண்ணெய் விலை பல மடங்கு ஏறினது, கோதுமை விலையும் ஏறினது, எங்கட நாட்டில டொலர் இல்ல. மா, சீனி, அரிசி எல்லாம் கூப்பனில குறைஞ்சது, பாணுக்கு விடிய முதலே வரிசை. கிராமத்தில இருக்கிறவன் மரவள்ளி நட்டாவது சமாளிச்சான், தோட்டத் தொழிலாளிக்கு நடுறதுக்கு ஒரு முழக் காணி இல்ல, மாவை நம்பித்தான் வயிறு. பட்டினிச் சாவு தோட்டங்களில நடந்தது, அப்பிடித் தப்பின சனத்தில ஒரு பகுதி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து எங்கட அப்பா மாதிரி ஆக்களின்ர மிளகாய்த் தோட்டத்தில கூலிக்கு நிண்டது. இறக்குமதியை இறுக்கின ஒரே கொள்கைதான் ஒரு ஆளைப் பம்ப் வாங்க வைச்சது, அதே கொள்கை, உலக விலையோடயும் காணியில்லாத நிலையோடயும் சேந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சாகவிட்டது, கடைசியில ரெண்டு வீடும் ஒரே வேலிக்கு அங்காலயும் இஞ்சாலயும். "நாட்டுக்கு நல்லது" எண்டு ஆராவது ரீவியில சொல்லேக்க எனக்கு மாமியின்ர அந்த வசனம்தான் காதுக்குள்ள கேக்கும்.

பிறகு 1977. ஜே.ஆர். ஜயவர்த்தன வந்தார், அந்த வருஷ நவம்பரில பட்ஜெட்டோட பொருளாதாரத்தைத் திறந்துவிட்டினம். டொலர் எட்டு ரூபாச் சொச்சத்தில இருந்து பதினாறுக்குக் கிட்டப் போச்சு, லைசன்ஸ் கட்டுப்பாடு கனக்க எடுபட்டுது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வர உள்ளூர் விலை விழுந்தது, அதே நேரம் பம்புக்கு ஊத்துற மண்ணெண்ணெயும் உரமும் விலை கூடிச்சு. விக்கிற பக்கம் அடி, வாங்கிற பக்கமும் அடி. அப்பா ரெண்டு போகம் தாக்குப் பிடிச்சுப் பாத்திட்டு மிளகாயைக் குறைச்சு நெல்லுக்கும் கச்சானுக்கும் போனவர். மாமி வீட்டில ஆனா முதல்முதலா வரிசையில நிக்காம மா வாங்கினவையாம்.

இஞ்சதான் ரிக்காடோ வாறார். டேவிட் ரிக்காடோ எண்ட ஆங்கிலேயர் 1817ல எழுதின கணக்கு இண்டைக்கும் எங்கட பாடத்தில இருக்கு. இங்கிலாந்தில ஒரு அளவு துணி செய்ய ஒரு வருஷத்துக்கு 100 பேர் வேணும், வைன் செய்ய 120 பேர். போர்த்துக்கலில துணிக்கு 90, வைனுக்கு 80. ரெண்டிலயும் போர்த்துக்கல்தான் கெட்டிக்காரன், அப்ப இங்கிலாந்தோட ஏன் யாவாரம் செய்யவேணும்? இதைப் பிள்ளைகளுக்கு அக்கான்ர கடையை வைச்சு விளங்கப்படுத்துவன். அக்கா வடையும் கெதியாச் சுடுவா, வெங்காயமும் கெதியா உரிப்பா. வேலைக்கு நிக்கிற பெடியன் ரெண்டிலயும் மெதுவு. ஆனா அக்கா ஒரு மணித்தியாலம் வெங்காயம் உரிக்கக் குந்தினா அந்த நேரத்தில சுட்டிருக்கக்கூடிய அறுபது வடை போச்சு. அதே அளவு வெங்காயத்தைப் பெடியன் கூட நேரம் எடுத்து உரிச்சாலும் அந்த நேரத்தில அவன் சுட்டிருக்கக்கூடிய பத்து வடைதான் போகுது. அதுதான் அமையச் செலவு. அதால பெடியன் உரிக்க, அக்கா சுட, ரெண்டு பேரும் சேந்து தனித்தனியாச் செய்யிறதை விடக் கனக்கச் செய்யினம். போர்த்துக்கல் வைனையும் இங்கிலாந்து துணியையும் பாத்தா ரெண்டு பேருக்கும் லாபம் எண்டதும் இதேதான். ஒப்பீட்டு நன்மை எண்டு புத்தகத்தில போட்டிருக்கிறது இவ்வளவுதான், ஆர் கெட்டிக்காரன் எண்டதில்ல கேள்வி, ஆர் எதை விடேக்க குறைய இழக்கிறான் எண்டதுதான்.

அந்தக் கணக்கு சரி. நான் நம்புறன். ஆனா அதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சு இருக்கு, வைன் செய்த ஆள் அடுத்த நாள் துணி செய்யப் போவான் எண்டது. 1977க்குப் பிறகு நாட்டுக்குப் புது வேலை வந்ததுதான், 1978ல கட்டுநாயக்காவில சுதந்திர வர்த்தக வலயம் திறந்து ஆயிரக்கணக்கில பிள்ளைகள் தையல் மெசினுக்குப் போச்சினம். விசுவமடுவில மிளகாய்க்கு இறைச்சுக்கொண்டிருந்த ஆள் முந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால, பாசை தெரியாத ஊருக்கு, பெண்பிள்ளைகளைத் தேடுற தொழிற்சாலைக்கு எப்பிடிப் போறது? 77ல தமிழருக்கு எதிரான கலவரமும் நடந்தது, அந்தப் பக்கம் இருந்து சனம் வன்னிக்கு ஓடி வந்துகொண்டிருந்த காலம். திறந்த பொருளாதாரத்தில வெண்ட ஆக்களின்ர லாபம் தோத்த ஆக்களின்ர நட்டத்தை விடக் கூட, அதால மொத்தத்தில நாடு முன்னேறும் எண்டு புத்தகம் சொல்லும். வெண்ட ஆள் தோத்த ஆளுக்கு அதில ஒரு பங்கைக் குடுத்து விட்டாத்தான் ரெண்டு பேருக்கும் நல்லம். விசுவமடுவுக்கு ஒருத்தரும் அப்பிடிக் கொண்டுவந்து குடுக்கேல்ல.

வர்த்தகம் இல்லாட்டி எப்பிடி இருக்கும் எண்டதை எங்கட தலைமுறைக்குப் படம் கீறி விளங்கப்படுத்தத் தேவையில்ல, தொண்ணூறுகளில யுத்தத்துக்காக அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள்ள வளந்த ஆக்கள் நாங்கள். பெற்றோல், சிமெந்து, உரம், பற்றி எண்டு கன சாமான் உள்ள வராது. ஜாம் போத்தில் விளக்கில படிச்சனாங்கள், போத்திலுக்குள்ள பஞ்சை வைச்சுக் கொஞ்சமா எண்ணெய் விட்டுத் திரியைப் போட்டா இரவுக்குக் காணும். மோட்டச்சைக்கிளுக்கு ரெண்டு துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடுவினம், புகை ரோட்டை மறைக்கும். சவுக்காரம் இல்லாட்டிப் பனம்பழத்தில உடுப்புத் தோச்சவை. கெட்டித்தனம் எண்டு இப்ப பெருமையாச் சொல்லுறம், உண்மையில ஒரு சமூகத்தின்ர மூளையும் நேரமும் முழுக்க ஏற்கெனவே உலகத்தில மலிவா இருக்கிற சாமானைத் திரும்பக் கஷ்டப்பட்டுச் செய்யிறதிலயே போச்சு.

அதுக்குள்ள எனக்கு மறக்காத ஒரு விசயம், நெல்லு விலை. வெளிய கொண்டுபோக வழியில்லாததால அண்ணாவும் அப்பாவும் விளைவிச்சது வன்னிக்குள்ளயே சுத்தும், அதுக்கு விலை இல்ல. உள்ள வாற மண்ணெண்ணெய்க்குக் கொள்ளை விலை. ஒரு போத்தில் மண்ணெண்ணெய்க்கு எத்தினை கொத்து நெல்லு அளக்கவேணும் எண்டு அம்மா வாசலில நிண்டு கணக்குப் பாப்பா. ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதம், வர்த்தக மாற்று விகிதம் எண்டு நான் இப்ப வகுப்பில படிப்பிக்கிறது அம்மான்ர அந்தக் கொத்துக் கணக்குத்தான். 2002 ஏப்பிரலில, யுத்தத்தில மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தாப் பிறகு சாமான் லொறி லொறியா வந்தது, வாற வழியில ஒவ்வொரு பக்கத்து வரியும் சேந்து வந்ததால கொழும்பு விலை இல்லத்தான், ஆனாலும் முதல்தரம் கடைவழிய அப்பிளைப் பாத்த தம்பி அதைத் தின்னாம ரெண்டு நாள் மேசையில வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தவன். நாலு வருஷம் கழிச்சு 2006 ஓகஸ்டில பாதை திரும்ப மூடுப்பட்டுது.

அதாலதான் ஆராவது "எல்லா இறக்குமதியையும் நிப்பாட்டி எங்கட சாமானையே சாப்பிடுவம்" எண்டு உணர்ச்சியாக் கதைச்சா எனக்கு மனம் பதறும். மைசூர்ப் பருப்பு எங்கட நாட்டில விளையிறதில்ல, கனடாவில இருந்தும் அவுஸ்திரேலியாவில இருந்தும் வருது, அதுக்கு வரி போட்டா ஒரு கமக்காரனும் பாதுகாக்கப்படப் போறதில்ல, பருப்பும் சோறும் சாப்பிடுற ஏழையிட்ட இருந்து காசு எடுக்கிறது மட்டும்தான் மிச்சம்.

டொலரைப் பற்றியும் ஒரு சொல். இறக்குமதிக்கு டொலர் வேணும், அது தேயிலையிலயும் உடுப்பிலயும் சுற்றுலாவிலயும் வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் அனுப்புற காசிலயும் வருது. எங்கட ஊரில வீட்டுக்கொரு ஆள் கனடாவிலயோ சுவிசிலயோ இருக்கிறபடியால இது எங்கட வீட்டு விசயம். 2021 செப்ரெம்பரில இருந்து 2022 மார்ச் மட்டும் டொலரை 203 ரூபாவில கட்டி வைச்சிருந்தவை. வங்கியில அந்த விலை, வங்கிக்கு வெளியால காசு மாத்திக் குடுக்கிற உண்டியல்காரன் அதை விடக் கனக்கக் கூடத் தாறான், பிள்ளையின்ர மருந்துக்கு அனுப்புற காசை ஆர் குறைய எடுப்பினம்? சனம் உண்டியலுக்குப் போச்சு. வங்கிவழிய வந்த காசு 2020ல 7.1 பில்லியன் டொலர், 2021ல 5.5 பில்லியன், 2022ல 3.8 பில்லியன். விலையைக் கட்டி வைச்சு டொலரைப் பிடிக்கப் போய் டொலரே ஒளிச்சிட்டுது. மார்ச்சில கட்டை அவிழ்க்க ரெண்டு மாசத்தில டொலர் 360க்குக் கிட்டப் போச்சு, ஏப்பிரல் 12ம் திகதி நாடு கடன் கட்ட ஏலாதெண்டு அறிவிச்சுது.

மற்றப் பக்கம், நாங்கள் விக்கிற பக்கம். விடியக் காலமை பரந்தன் சந்தியில நிண்டா அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை ஏத்திற பஸ்களைக் காணலாம். கனபேர் நான் படிப்பிச்ச பிள்ளைகள், சில பேர் யுத்தத்தில தகப்பனை இழந்த வீட்டுக்கு ஒரே உழைப்பாளி. அந்த உடுப்பு ஐரோப்பாவுக்குப் போறதுக்கு ஜிஎஸ்பி பிளஸ் எண்ட சலுகை இருக்கு, 27 சர்வதேச உடன்படிக்கையை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல் எண்டு, நாடு மதிச்சு நடந்தா வரி இல்லாம உள்ள எடுப்பினம். 2005ல கிடைச்சது, மனித உரிமைக் காரணத்துக்காக 2010ல நிப்பாட்டினவை, 2017ல திரும்பத் தந்தவை. அந்தச் சலுகையை நிப்பாட்டவேணும் எண்டு கேக்கிற எங்கட ஆக்களும் இருக்கினம், அவையின்ர நியாயம் எனக்கு விளங்குது, என்ர மனமும் அந்தப் பக்கம் இழுக்கும். ஆனா அந்த பஸ்ஸில போறதும் எங்கட பிள்ளைகள்தான்.

2025 ஏப்பிரலில அமெரிக்கா எங்களுக்கு 44 வீத வரி எண்டு அறிவிச்சபோது வகுப்பில பிள்ளைகள் பயந்து போச்சினம். இலங்கை அமெரிக்காச் சாமானுக்கு 88 வீதம் வரி போடுது, நாங்கள் பாதியைத்தான் போடுறம் எண்டு அமெரிக்க அரசாங்கம் ஒரு பலகையில எழுதிக் காட்டினது. அந்த 88 வரி இல்ல. அமெரிக்கா எங்களிட்ட வாங்கிறது வருஷம் சுமார் 3 பில்லியன் டொலர், நாங்கள் அவையிட்ட வாங்கிறது அதில எட்டில ஒண்டு. அந்த இடைவெளியை அமெரிக்கா எங்களிட்ட வாங்கிற மொத்தத்தால பிரிச்சா 88 வரும், அதைப் பாதியாக்கினா 44. நான் மாதா மாதம் சலூனில தலைமயிர் வெட்டுறன், சலூன் அண்ணை என்னட்ட ஒண்டும் வாங்கிறதில்ல, அதுக்கு அவர் என்னை ஏமாத்துறார் எண்டு சொல்ல ஏலுமோ? அவர் என்ர காசில சந்தையில மீன் வாங்குவார், மீன்காரன்ர மகள் என்னட்டப் படிக்க வருவாள். ரெண்டு நாட்டுக்கு இடையில மட்டும் கணக்குப் பாத்தா எப்பவும் ஆராவது கடன்காரனாத்தான் தெரிவினம். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜூலையில 30 எண்டு வந்து, ஓகஸ்டில 20க்கு இறங்கினது. அந்த நேரம் அந்த 20ம் அதிகமாத்தான் இருந்தது.

இனி வீட்டுக் கதையை முடிக்கிறன். 2021 மேயில இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதியையும் நிப்பாட்டினவை. உழுந்துத் தடையில ஓடு போட்ட அண்ணாவுக்கு இந்தத் தடை மற்றப் பக்கத்தால வந்தது. நவம்பரில தடையை எடுத்தாலும் அந்தப் பெரும்போகத்துக்கு நேரத்துக்கு உரம் கிடைக்கேல்ல, வயல் மஞ்சளடிச்சு நிண்டது. பிறகு யூரியா ஒரு மூட்டை முப்பதினாயிரத்துக்கு மேல கேட்டவங்கள். யாவாரியோட நிண்டு வாக்குவாதப்பட்டிட்டு வந்து வேலிக்கரையில குந்தி இருந்தவர் என்னைப் பாத்துச் சொன்னார், "அண்டைக்கு இவள் இப்பிடித்தான் என்னைக் கேட்டவள்."

அடுத்த மாசங்களில காஸ் இல்ல, கொண்டுவர டொலர் இல்ல. அக்கான்ர கடை ரெண்டு கிழமை பூட்டு. அண்ணா அறுவடைக்கெண்டு கானில வைச்சிருந்த டீசலை லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு விட்டு, பெட்டி நிறையப் பாலை விறகு ஏத்திக்கொண்டு பரந்தனால சுத்திக் கிளிநொச்சிக்குப் போனவர். விறகுக்கு மேல ஒரு மூட்டை உழுந்து. அக்கா விலை கேட்டிருக்கிறா, அவர் சொல்லேல்ல. அக்கா காசை எண்ணிப் பெட்டிக்குள்ள போட்டுவிட்டிருக்கிறா, அவர் அதை வீட்டுக்கு வந்துதான் கண்டவர்.

இப்ப ரெண்டு பேரும் ஒவ்வொரு ஐப்பசியும் விதைக்க முதலே விலை பேசுறவை. அக்கா பாதிக் காசை விதைக்கும் கூலிக்கும் முன்னமே குடுப்பா, மாசியில சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசின விலைதான். போன வருஷம் சந்தை விலை கீழ போனது, அக்காவுக்கு நட்டம், குடுத்தா. இந்த வருஷம் இன்னும் பேசி முடியேல்ல. அண்ணா இருபது ரூபா கூட்டிக் கேக்கிறார், அக்கா பத்துக்கு நிக்கிறா, நேற்றும் என்ர போனிலதான் ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் கதைச்சவை.